அத்தை தேர்ந்தெடுத்த பிரவுசர்

எங்கள் அத்தையிடம் வாதாடி ஜெயித்த ஆள் இன்றுவரை பிறக்கவில்லை. ரப்பர் தோட்டத்து சூப்பர்வைசரில் தொடங்கி, குலசேகரம் சந்தையில் மீன் விற்கும் பெண்கள் வரை எல்லோரும் தோற்றவர்கள்தான். அப்படிப்பட்டவள் ஒருநாள் கம்ப்யூட்டரோடும் மல்லுக்கு நின்றாள். பக்கத்து நாற்காலியில் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்து நான் பார்த்தேன்.

அத்தை அப்பாவுக்கு அக்காள். எங்கள் வீட்டோடு இருந்து, விடியுமுன் ரப்பர் வெட்டப் போய், மதியத்துக்குள் ரப்பர் பால் எடுத்து ஊற்றிவிட்டுத் திரும்புவாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். அதை யாராவது எடுத்தால், “அஞ்சுலயும் நாந்தான் ஃபஸ்ட்டு, தெரியுமில்லா?” என்பாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்து சொல்லித் தருகிறேன் பேர்வழி என்று என் புத்தகத்தை வைத்து அவளும் மறந்ததையெல்லாம் திரும்பப் படித்துக்கொண்டாள். பெரிய எழுத்துகள் அத்தனையும் அவளுக்குத் தெரியும். சின்ன எழுத்துகளோடு மட்டும் சண்டை.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம் அது. ஆறாம் வகுப்பிலிருந்து அங்கேயே தங்கிப் படிக்கிற பள்ளி ஒன்று உண்டு, பரீட்சை எழுதித் தேறினால் படிப்பும் சாப்பாடும் இலவசம் என்று கேள்விப்பட்டு, கல்ஃபில் இருந்த அப்பா வாராவாரம் போனில் அதையே சொன்னார். அம்மாவோ தம்பியைப் பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்தாள். விண்ணப்பத்தை இன்டர்நெட்டில்தான் போட வேண்டும், கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். என் பள்ளியில் தர வேண்டிய தாள் கைக்கு வரத் தாமதமாகி, நாங்கள் போனது அந்தக் கடைசி நாள். போதாக்குறைக்கு அது பவர்கட் காலம். எங்கள் பக்கம் நாலு மணிக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் கரண்ட் வரும். ஆகவே எங்களுக்கு ஐந்து மணி என்பது நாலு மணிதான்.

மூன்று மணிக்கு நெட் சென்டருக்குள் நுழைந்தோம். அத்தையின் விரல்களில் காய்ந்த ரப்பர் பால் நூல் நூலாக ஒட்டியிருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்து முகம் சுளித்து, “அக்கா, கீபோர்டத் தொடாதிங்க, நான் அடிச்சித் தாறேன்” என்றார்.

திரையில் நெட்டுக்குப் போகிற படங்கள் மூன்று இருந்தன. மூன்றும் பிரவுசர்தான் என்பது அன்று எனக்குத் தெரியாது. அழகானதைத் தட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். கடைக்காரரும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்திருந்தார். புத்தம் புதிதாக இருந்ததன்மேல் அவர் கை போனது.

“அது வேண்டாம் தம்பி. அந்த ஓரத்துல கெடக்க பழையதுல தொறங்க” என்றாள் அத்தை.

“அக்கா, அத இப்போ ஒருத்தரும் தொடமாட்டாவ. இது சும்மா பறக்கும், பாருங்க.”

பறக்கத்தான் செய்தது. என் பேர், அப்பா பேர் எல்லாம் போட்ட முதல் இரண்டு பக்கமும் கண்மூடித் திறப்பதற்குள் போயின. மூன்றாம் பக்கத்தில் மாநிலத்தைக் காட்டினால் மாவட்டங்கள் வரிசையாக இறங்க வேண்டும். தமிழ்நாடு என்று காட்டினார். ஒன்றும் இறங்கவில்லை. தமிழ்நாட்டில் மாவட்டமே கிடையாது என்று சாதித்தது அந்தப் பெட்டி. அடைத்துத் திறந்தார். மறுபடி முதலிலிருந்து அடித்தார். மூன்றாவது தடவையும் அதே கதை. “சைட்டு பிஸியா இருக்கு” என்று நெற்றியைத் துடைத்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று முப்பத்தைந்து. எனக்கு ஒரே வெப்ராளம், பதறிப்போய் அழ ஆரம்பித்தேன்.

“ஏட்டி, இப்போ என்னத்துக்குக் கண்ணக் கசக்குக?” என்று என்னை ஒரு அதட்டு அதட்டிவிட்டு அத்தை அவர் பக்கம் திரும்பினாள். “தம்பி, வேகம் எனக்கு என்னத்துக்கு? எனக்கு அஞ்சாவது பக்கம் வரணும். பழையதத் தொறக்கியளா, நான் தொறக்கட்டா?”

அந்தப் பிசுபிசுத்த விரல்களைப் பார்த்ததும் அவரே திறந்தார். வேண்டாவெறுப்பாக என் பேரின் முதல் எழுத்தைத் தட்டினார். தட்டியதுமே, கட்டத்துக்கு அடியில் ஒரு பேர் தானாக வந்து நின்றது. அதே எழுத்தில் தொடங்குகிற பேர். என் பேர் அல்ல.

“அத்தே, இது ஒங்க பேருல்லா?”

“ஆமா. முந்தாநாத்து வந்தேன். இவரு இல்ல, இவருக்க வீட்டுக்காரி இருந்தா. மூணுலயும் நானே தட்டிப் போட்டுப் பாத்ததுல இதுலதான் கடைசிவரைக்கும் போச்சு. ஒனக்க பேரப் போட்டு, அது பாதியில நின்னு, பொறவு ஒன்ன எடுக்கமாட்டோம்னு சொல்லிட்டா என்ன செய்ய? அதுக்குத்தான் எனக்க பேரு.”

கடைக்காரர் அதை அழித்துவிட்டு என் பேரை அடித்தார். எனக்கு அத்தையைத் தூக்கிச் சுற்றலாம் போல இருந்தது. முந்நூறு மரத்தில் எது பால் தரும், எது தராது என்று மனப்பாடமாகச் சொல்கிறவளுக்கு மூன்று பிரவுசர் எம்மாத்திரம்!

மாவட்டங்கள் சமர்த்தாக இறங்கின. அப்பா பேருக்கான கட்டத்தில் எங்கள் தாத்தா பேர் எட்டிப் பார்த்தது, அழித்துவிட்டு அடித்தோம். நாலாம் பக்கத்தில், பெரியவளாகி என்னவாக விரும்புகிறாய் என்று ஒரு கட்டம். கடைக்காரர் அதில் தட்டினார். அடியில் வந்து நின்றது, நர்ஸ் என்று, எல்லாம் பெரிய எழுத்தில்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். “எம்மாடி! அத்தைக்கு நர்ஸ் ஆவணுமாம்!”

கடைக்காரரும் சிரித்தார். அத்தையும் சிரித்தாள். “சவத்த அழிச்சிட்டு ஒனக்கதச் சொல்லுட்டி, மணி ஆவுது” என்றாள். எல்லாப் பிள்ளைகளையும் போல நானும் டாக்டர் என்றேன்.

ஐந்தாம் பக்கம் திறக்கும்போது கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டரையும் நெட் பெட்டியையும் மட்டும் தாங்கிய பேட்டரி கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது. “மக்கா, நீயே அமுக்கு” என்று அத்தை என் விரலைப் பிடித்துக் கடைசிப் பொத்தானில் வைத்தாள். சக்கரம் சுற்றியது, சுற்றியது, பிறகு விண்ணப்ப எண் வந்தது. பிரிண்டர் ஓடவில்லை. அத்தையின் உள்ளங்கையில் பேனா பிடிக்கவில்லை என்று என் உள்ளங்கையில் எழுதினாள். கடைசி எண்ணை எழுதவும் திரை அணையவும் சரியாக இருந்தது. வீடு சேரும்வரை அந்தக் கையை மூடவிடாமல் பஸ்ஸில் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பரீட்சையில் தேறி அந்தப் பள்ளியில் சேர்ந்தேன். விடுதித் தோழிகளிடம் இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எங்கள் அத்தை என்ன கெட்டிக்காரி, என் பேர் கெட்டுவிடக் கூடாது என்று தன் பேரைப் போட்டுப் பார்த்தாளே என்று பெருமையடித்திருக்கிறேன். அந்த நர்ஸ் வருகிற இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இப்போது என் வேலையே இப்படிப்பட்ட படிவங்களோடுதான். புதிதாக ஒன்று வந்தால் ஒழுங்காக ஓடுகிறதா என்று நாங்கள் போட்டுப் பார்ப்போம். பேர் கேட்டால் விரலுக்கு அகப்பட்ட நாலு எழுத்தைத் தட்டுவோம், ஆசை என்ன என்று கேட்டாலும் அதே நாலு எழுத்துதான். ஓடுகிறதா என்று பார்க்க அது போதும், அங்கே உண்மையைச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

அத்தை உண்மையைச் சொல்லியிருந்தாள். ஆறாம் வகுப்பில் சேர்வதற்கு, தன் பேரில், ஒற்றை விரலால் தேடித் தேடி ஐந்து பக்கமும் நிரப்பியிருந்தாள். பிறகு அந்தக் கடைசிப் பொத்தானை மட்டும் அமுக்காமல் எழுந்து வந்திருக்கிறாள்.