பரிவட்டமும் தரை தட்டிய கப்பலும்

கப்பலில் சமைக்கிறவன் கடலைப் பார்ப்பதில்லை. அவன் பார்ப்பதெல்லாம் அடுப்பும் அதைச் சுற்றி நிற்கிற பசித்த முகங்களும்தான். அடுத்தவன் செய்த காரியத்தால் சொந்த வீட்டு விசேஷத்தைக் கோட்டைவிட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் உங்கள் கட்சிதான். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவே தறியில் உட்கார்ந்திருக்க, நான் ஐந்தாம் வகுப்போடு ஓட்டல் அடுப்புக்குப் போய், அங்கிருந்து தூத்துக்குடிச் சரக்குக் கப்பலின் அடுப்புக்குப் போனவன். அங்கே சமையல்காரனைப் பண்டாரி என்பார்கள்.

பங்குனி உத்திரத்தன்று சாமி எங்கள் தெரு மண்டகப்படிக்கு வந்து நின்றதும், முதல் பரிவட்டத்தை எங்கள் வகையறாவில் மூத்தவன் தலையில் கட்டுவார்கள். அப்பாவுக்குப் பிறகு அது நான். நான் போகாவிட்டால் என் சித்தப்பா மகன் சுந்தரம். ஒரு தடவை அவன் தலைக்குப் போனால் பிறகு திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

வலைக்கு வழிவிட்டது

மாலத்தீவில் பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு திரும்புகிறோம். உத்திரத்துக்கு இன்னும் ஐந்தாறு நாள் இருந்தது. கரை கண்ணுக்குத் தெரிகிறது. நான் ஊருக்குப் போகப் பையைக் கட்டி வைத்துவிட்டேன். அப்போது கப்பல் ஒரு குலுக்குக் குலுக்கி, மணலில் ஏறி உட்கார்ந்தது. பருப்புச் சட்டி என் காலில் கவிழ்ந்தது.

சுக்கான் பிடித்தவன் அந்தோணி. எதிரே மீன் வலையின் மிதவைகள் தெரிந்ததாம், அதற்காகத் திருப்பினானாம். ஒரு வலைக்காகக் கப்பலையே மணலில் ஏற்றுவாயா என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

“எங்க ஊர்க்காரன் வலை அண்ணாச்சி. அதைக் கிழிச்சா ஊருக்குள்ள போக முடியாது. கப்பலைப் பொறவு எடுத்துக்கிடலாம்.”

சாய்ந்த இட்லி

தண்ணீர் வற்றும்போதெல்லாம் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். சாம்பாரைக் கால் சட்டிக்கு மேல் வைக்க முடியாது. எங்கள் ஊர் வழக்கப்படி மிளகும் சுக்கும் போட்டு, டம்ளரில் மாவு ஊற்றி வேக வைத்தேன். ஒவ்வொரு இட்லியும் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து, கூரை சரிந்த வீடு மாதிரி வந்தது. என் மானம் போயிற்று. கேப்டன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தடிச்ச பக்கத்தை எனக்கு வெட்டுங்க. மெலிஞ்ச பக்கத்தை அந்தோணிக்குக் கொடுங்க.”

நல்ல செய்தி

மறுநாள் கேப்டன் எல்லோரையும் கூப்பிட்டார். அஷ்டமி கழிந்து இப்போதுதான் கடல் ஏறத் தொடங்கியிருக்கிறது, பௌர்ணமியன்று நன்றாக ஏறும், அன்றைக்கு இழுவைப் படகு வந்து இழுக்கும், அதுவரை பொறுங்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் முகம் மட்டும் சுண்டிப்போனது. பங்குனிப் பௌர்ணமிதானே உத்திரம். எந்த நிலா வந்தால் கப்பல் கிளம்புமோ அதே நிலாவுக்குத்தான் சாமியும் புறப்படுகிறார்.

விஷயத்தைச் சொல்லி அழாத குறையாகக் கேட்டேன், ஒருநாள் முன்னால் இழுத்தால் என்ன என்று.

“நான் இழுத்துருவேன் பண்டாரி. கடல் கேக்கணும்லா.”

படகில் ஓர் இடம்

உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்பு முதலாளியின் ஆள் ஒரு படகில் வந்தார். திரும்பும்போது ஒருவருக்கு இடம் இருந்தது. அதில் ஏறினால் பஸ் பிடித்துச் சாமி புறப்படுவதற்குள் ஊர் போய்விடலாம். கேப்டன் நல்ல மனுஷர். மற்றவர்கள் சரி என்றால் போகலாம் என்றார். நான் பையோடு ஏணியில் ஒரு காலும் வைத்துவிட்டேன். இஞ்சின் பார்க்கிற முத்தையா குறுக்கே வந்து நின்றார். பத்து வருஷம் என் கையால் சாப்பிட்டவர். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

“இவரு போனா அந்தோணில்லா சமைப்பான். அவன் ஓட்டினதைத்தான் பாத்தோமே.”

எல்லோரும் தலையாட்டினார்கள், அந்தோணி உட்பட.

மிதந்தது

கப்பலின் எடை குறையப் பாதி இரும்பைத் தோணிகளில் இறக்கினோம். நல்ல தண்ணீரைக்கூடக் கடலில் விட்டு, எனக்கு இரண்டு டிரம் மட்டும் மிச்சம் வைத்தார்கள். உத்திரத்தன்று உச்சிப்பொழுதில் கடல் ஏறியது. இழுவைப் படகு கயிற்றை முறுக்கி இழுக்க, அடியில் மணல் கரகரவென்று தேய்ந்தது. பிறகு சத்தமே இல்லை. சரிந்து கிடந்த சாம்பார் சட்டிக்குள் மெல்ல நிமிர்ந்தது. மேலே ஒரே கூச்சல். அந்தோணி என்னைக் கட்டிப்பிடித்தான்.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. பின்னால் மேளச் சத்தம். என் வீட்டுக்காரி மூச்சு வாங்கப் பேசினாள்.

“சுந்தரத்துக்குக் கட்டிட்டாங்கபா. தலை சின்னதா இருக்குது, நழுவிக்கினே இருக்குது. ரெண்டு கையால புடிச்சிக்கினு நிக்கிறாரு.”

வரவேற்பு

ஊருக்கு வந்தபோது பஸ் நிலையத்துக்கே வந்து நின்றான் சுந்தரம். என் பையை வாங்கிக்கொண்டான், டீ வாங்கிக் கொடுத்தான். கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லையே, முதலாளி யாரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லையே என்று உருகி உருகி விசாரித்தான். இப்படி ஒரு தம்பியையா சந்தேகப்பட்டோம் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

“அடுத்த பங்குனிக்கும் கப்பல்லதான இருப்ப அண்ணா?”

பௌர்ணமி வந்தால் கப்பல் மணலை விட்டு இறங்கிவிடுகிறது. சுந்தரம் தலையை விட்டு அந்தப் பரிவட்டம் இறங்க எத்தனை பௌர்ணமி வேண்டுமோ, அந்தக் கேள்விக்குப் பிறகு கப்பல் வேலையையே விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.