பச்சை முத்திரை

குடும்ப நீதிமன்றத்தின் சமரச மையம் எப்படி நடக்கிறது என்று பார்த்துச் சொல்ல, வெளியாட்களாக எங்கள் ஆய்வுக் குழுவை அமர்த்தியிருந்தார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தரைத்தளக் கவுன்டர் முன் போய் நின்ற அன்றுதான், எல்லோரும் 'முத்திரை அக்கா' என்று கூப்பிடும் அந்த ஊழியரைப் பார்த்தேன்.

"வாங்க சார். எங்களுக்கு மார்க் போட வந்தவரா? பார்த்துப் போடுங்க, ஃபெயிலாக்கிடாதீங்க."

"சார் எல்லாம் வேணாங்க்கா."

"அப்போ தம்பி. அந்த ஸ்டூல்ல உக்காரு. மூணாவது காலை மட்டும் நம்பாதே."

பதினாறு வருடமாக அதே கவுன்டர். மேல்மாடியில் முடிந்த கோப்புகள் கீழே வரும். அக்கா முத்திரை குத்துவார். சிவப்பு என்றால் விசாரணைக்கு, பச்சை என்றால் சமரசம். அழுதுகொண்டு வரும் பெண்களுக்கு, கேட்காமலேயே குழாய் இருக்கும் இடத்தைக் காட்டுவார். "முகம் கழுவிட்டுப் போம்மா. உள்ளே அழறதுக்கு நேரம் தர மாட்டாங்க."

நூறு கோப்புகளில் எழுபத்திரண்டு பச்சை. இவ்வளவு சமரசமா என்று எனக்கு ஆச்சரியம். அந்த எழுபத்திரண்டு மனுதாரர்களிடமும் தொலைபேசியில் பேச வேண்டியது என் வேலை. பெயரை மறைத்து, கோப்பு எண்ணும் தொலைபேசி எண்ணும் மட்டும் தந்திருந்தார்கள்.

முதலில் எடுத்தவர் ஒரு தச்சர். "சமரசமா? யாருக்கும் யாருக்கும்? பஸ் கிடைக்காம ஒரு நாள் போகலை, அவளும் வரலை. அதோட கேஸே போச்சு!"

அடுத்த ஐந்து பேரும் அதே பாட்டுதான். படிவத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டே கட்டங்கள்: விசாரணை, சமரசம். விசாரணைக்கு அனுப்ப ஒருவராவது கையெழுத்துப் போட வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் இருவருமே வராவிட்டால் கையெழுத்துக்கு ஆளில்லை, மிஞ்சுவது பச்சை. வராதவர்களையெல்லாம் சமாதானமானவர்கள் என்று எண்ணி வைத்திருக்கிறார்கள்!

அதே ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஏழாவது எண்ணை அழுத்தினேன். அக்காவின் மேசை இழுப்பறைக்குள் கைபேசி மணி அடித்தது.

துண்டித்தேன்; நின்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடி அடித்தது.

"அக்கா..." என்று இழுப்பறையைப் பார்த்தேன்.

"பக்கத்துலதானே இருக்கேன். நேராவே கேளு."

அக்காவின் மகள் தன் அப்பாவிடம் இருக்கிறாள். அவளைப் பார்க்க அனுமதி கேட்டு அக்கா போட்ட மனு அது. "லீவு கேட்டேன். கவுன்டருக்கு ஆளில்லைன்னுட்டாங்க. மேல என் பேரை மூணு தடவை கூப்பிட்டது இங்க வரைக்கும் கேட்டுச்சு. எதிர்ல முப்பது பேர் வரிசை. அந்த மனுஷனும் வரலை. சாயங்காலம் கோப்பு கீழ வந்துச்சு."

"முத்திரை?"

"இங்க வேற யாரு இருக்கா?"

"உங்க கையாலயா! ஏன்க்கா?"

"ஊருக்கெல்லாம் குத்திட்டு எனக்கு மட்டும் கையை இழுத்துக்கச் சொல்றியா?"

இதை அறிக்கையில் எழுதினால் உங்கள் வேலைக்கே ஆபத்து வரலாம் என்றேன்.

"எழுது. கோப்பு எண்ணைப் போட்டு மறைக்காதே. கவுன்டர் பொம்பளைன்னே எழுது."

எழுதினேன். இப்போது படிவத்தில் 'வரவில்லை' என்று மூன்றாவது கட்டம் இருக்கிறது. அக்காவின் கோப்பை மறுபடி திறந்திருக்கிறார்கள். அவர் மகளைப் பார்த்துப் பதினான்கு மாதமாகிறது. அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி அவர் மேல்மாடிக்குப் போக வேண்டும். அதே கவுன்டரில்தான் இருக்கிறார். அன்றைக்கு மட்டும் விடுப்பு கிடைத்திருக்கிறது.