மரத்தடியில் புல் வந்துவிட்டது

எங்கள் ஒரகடம் கம்பெனி கேன்டீன் முன்னால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. அதன் நிழலில் இரண்டு முறை புல் பதித்தோம். இரண்டு முறையும் வெளுத்து அழுகிப் போனது. மரத்தை வெட்டிவிடலாம் என்று மேனேஜர் முடிவே எடுத்துவிட்டார்.

தோட்ட வேலை பார்க்கும் செல்விதான் தடுத்தார்.

"மரம் இன்னா சார் பண்ணுச்சு? வெயில்ல வளர்ற புல்லக் கொண்டாந்து நெழல்ல வெச்சது நாமதான். மூணு மாசம் குடுங்க."

தாழ்ந்த கிளைகளை மட்டும் கழித்தார். நிழலிலும் வளரும், அகல இலை கொண்ட எருமைப்புல்லை நட்டார். காலையில் மட்டும் தண்ணீர் விட்டார். ஒட்ட வெட்ட யாரையும் விடவில்லை.

"நெழல்ல கீற புல்லுக்கு எலதான் சார் சோறு. அத்த வெட்டிட்டா இன்னாத்த துன்னும்?"

லீவு முடிந்து இன்றுதான் வேலைக்கு வந்தேன். மரத்தடி முழுக்கப் பச்சை. ஷிப்ட் முடிந்தவர்கள் பஸ்ஸுக்குப் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் ஷூவைக் கழற்றிவிட்டு நடந்தார். நானும் நடந்தேன். பாதத்தில் குளிர்ச்சி ஏறியது.

"போதும் சார், வெளிய வாங்க. இன்னும் நல்லா வேர் புடிக்கல" என்றார் செல்வி.

மேனேஜர் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே வெளியே வந்தார்.

அவரை இப்படி அதட்டிய ஆளை என் ஏழு வருஷ சர்வீஸில் பார்த்ததில்லை. உங்கள் கம்பெனியில் யாராவது உண்டா?