வைரவரிடம் நின்ற பவுசர்

கோடையில் எங்கள் புளியங்கூடலுக்குக் குடிதண்ணீர் கொண்டுவருவது ஒரேயொரு பழைய பவுசர் லொறிதான். அதன் சாரதிக்குக் கழுத்து நிறையத் திருநீறு, இடுப்பில் கட்டிய சாரம் நிறைய எண்ணெய். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் விழுந்தால் வைரவர் கோயிலடியில் எஞ்சினை நிறுத்திக் கற்பூரம் கொளுத்துவார். திரும்ப ஸ்டார்ட் செய்ததும் முள் ஏறிவிடும்.

லொறிகளைப் பரிசோதித்தே ஓய்வுபெற்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அடியில எண்ணெய் நிக்கிற சம்ப்புக்குள்ள ஏதோ கிடக்கு. ஓடேக்க எண்ணெய் இழுக்கிற வடியை அடைக்குது, நிப்பாட்டினா கீழ விழுது. வைரவர் என்ன செய்தவர்? சம்ப்பைக் கழட்டும்!”

“கழட்டினா சனத்துக்குத் தண்ணி ஆர் குடுக்கிறது, ஐயா?”

“எஞ்சின் இறுகினா ஆர் குடுக்கிறது?”

ஒரு கிழமை கத்திய பிறகுதான் கழற்றினார். யாரோ கேஸ்கட்டில் அள்ளிப் பூசிய பசை, கட்டியாக உள்ளே கிடந்தது. எடுத்தபின் முள் விழவேயில்லை.

மறுநாளும் பவுசர் கோயிலடியில் நின்றது.

“இப்ப என்ன கோளாறு?” என்று சீறினேன்.

“ஒண்டுமில்லை ஐயா. இவ்வளவு நாளும் காரியத்துக்கு வந்தனான். சுகமானவுடன பாராமல் போனா அவர் என்ன நினைப்பார்?”

கோயிலுக்கு அடுத்த வீட்டுப் படலை என்னுடையது. அதைத் தாண்டும்போது அவர் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை.