ஆறாம் பக்கத்தில் ஒன்றரை அங்குலம்

நூலகத்தின் பழைய பேப்பர் அறையை இருபத்தாறு வருடமாக ஆள்பவருக்குப் பெயர் தும்மல் அக்கா. வைத்தது யார் என்று கேட்காதீர்கள். எந்தத் தொகுப்பைத் திறந்தாலும் மூன்று தும்மல். அப்புறம்தான் சரித்திரமே ஆரம்பிக்கும்.

அன்று காலை வந்தவர் ஒரு தையல்காரி. கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்றக்கூட மறந்திருந்தார். நாற்பது வருடத்துக்கு முன் ரயில்வே கேட்டில் ஒரு பஸ் மீது சரக்கு ரயில் மோதியது. கேட் காவலர் இவருடைய அப்பா. தூங்கிவிட்டார் என்று பேப்பர் எழுதியது. அதே வாரம் வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் குடும்பத்தோடு ஊரை விட்டே வந்தவருக்கு இப்போது எண்பத்தொன்று. 'நான் தூங்கல' என்று அவர் சொன்னதை வீட்டிலேயே பாதிப் பேர்தான் நம்பினார்கள். தான் எந்தப் பாதி என்று தையல்காரிக்கே தெரியாது.

"எச்சில் தொட்டுப் புரட்டுனீங்க, விரலையும் சேத்து பைண்டு பண்ணிடுவேன்" என்றபடி அக்கா முதல் தொகுப்பை விரித்தார்.

முதல் பக்கம். எட்டுப் பத்தி அகலத்துக்குத் தலைப்பு: 'கேட்டைத் திறந்துவிட்டுத் தூங்கினார்.'

தையல்காரி மூடப் போனார். "இதத்தான் நானும் கேள்விப்பட்டேன். போதும்கா."

"இருங்க. திட்டுறத முதல் பக்கத்துல திட்டுவாங்க. தப்புன்னு தெரிஞ்சா உள்ள எங்கயாவது ஒளிச்சு வைப்பாங்க. ஒவ்வொரு நாளாப் பாத்துட்டே போகணும்."

போனார்கள். சோப்பு விளம்பரம், மழை, காணாமல் போன பசு, மறுபடி மழை. மூன்று தொகுப்பு, ஒன்பது தும்மல், ஏழு மாதம். மத்தியானம் ஆறாம் பக்கத்தில், பட்டன் விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி, விபத்து விசாரணையின் முடிவு. கேட்டின் சங்கிலி அறுந்திருக்கிறது. காவலர் சிவப்புக் கொடியோடு பஸ்ஸை நோக்கி ஓடியதை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். அவர் மீது தவறில்லை.

நாற்பது வருடமாக இந்த நாலு வரி இதே அலமாரியில், யாராவது வருவார்கள் என்று நின்றிருக்கிறது.

தையல்காரி டேப்பை வைத்து அளந்தார். ஒன்றரை அங்குலம். "ஒரு காலர் அகலம்தான்கா. இதுக்குள்ள எங்கப்பா முழுசா இருக்காரு."

போனைப் போட்டார். "அப்பா, நீங்க தூங்கலப்பா!"

"அதத்தானேம்மா நாப்பது வருஷமா சொல்றேன்."

"பேப்பர்லயே போட்டிருக்குப்பா. ஏழு மாசம் கழிச்சு."

அந்தப் பக்கம் குரல் தணிந்தது. "அன்னைலேர்ந்து நான் பேப்பரே வாங்கலயேம்மா... படி."

தையல்காரி படித்தார்.

"இன்னொரு தடவ."

பக்கத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கையால் மூக்கைப் பொத்தியபடி, பத்தாவது தும்மலை அடக்கிக்கொண்டு அக்கா அசையாமல் நின்றார்.