வலது பக்கம் ஒன்று அதிகம்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். சுடுகாட்டை ஒட்டின கொல்லையில் வேர்க்கடலைக் காவலுக்குப் படுத்திருக்கிறேன், ஒன்றும் வந்ததில்லை, பன்றிதான் வந்தது. நான் சொல்லப்போகிறதும் இருட்டில் நடந்ததில்லை. காலை எட்டு மணிக்கு, சுள்ளென்று வெயில் அடிக்கும்போது, கையில் டீ கிளாஸோடு நான் பார்த்தது. நம்பாவிட்டால் போங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற கம்பெனி ஒன்று, பேர் வேண்டாம், அதில் நான் கேட் வாட்ச்மேன். எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். அதற்கு முன்னால் புதுவாயலில் ஒரு எடை மேடையில் பதினோரு வருஷம் இருந்தேன், அங்கே ஒரு எண்ணைத் தப்பாகச் சொன்னால் லாரிக்காரன் செருப்பைக் கழற்றுவான், அந்தப் பயத்தில் எண் மட்டும் வந்துவிட்டது. முழங்கால் போனதும் அங்கேதான், அது வேறு கதை.

கேட்டில் முகத்தைப் பார்த்து ஆஜர் போடுகிற மிஷின் வைத்திருந்தார்கள். உள்ளே வருகிறவன் அதன் எதிரில் நின்றால் போட்டோ பிடித்து என் ரூமில் இருக்கிற ஓட்டைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அங்கிருந்து ஆபீசுக்கு லைன் கிடையாது. ஷிப்ட் ஏறினதும் நான்தான் பென் டிரைவில் காப்பி எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற காயத்ரி என்கிற பெண், எனக்காகவே சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி, இரண்டு பட்டன் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக் கொடுத்தாள்.

"தாத்தா, செவப்புப் பொட்ட அமுக்குனா உள்ள இன்னா இருக்குதுன்னு காட்டும். பச்சைய அமுக்குனா அப்டியே காப்பி ஆவும். கடைசில லெஃப்ட்ல ஒரு நம்பரு, ரைட்ல ஒரு நம்பரு வரும். ரெண்டும் ஒண்ணா இருந்தா எடுத்துகினு வா."

இடது பக்கம் கம்ப்யூட்டரில் இருப்பது, வலது பக்கம் பென் டிரைவில் இருப்பது. வருஷத்துக்கு ஒரு பை, அதற்குள் மாசத்துக்கு ஒரு பை, அதற்குள் நாளுக்கு ஒரு பை, கடைசிப் பைக்குள் முகம் முகமாக இருக்கும். எனக்கு அது பிடித்துப்போயிற்று. படிக்கத் தெரியாதவனுக்கு முகம் போதுமே.

அந்த முகங்களில் ஒன்று ஏழுமலை. ஆரம்பாக்கத்து ஆள், நாற்பது வயசு இருக்கும், உலை மேடையில் இரும்பு தள்ளுகிற வேலை. உலை மேடையில் மற்றவர்களெல்லாம் வடக்கத்திக்காரர்கள், இவன் ஒருத்தன்தான் நம்ம ஆள். மிஷின் எதிரில் நிற்பதற்கு முன்னால் சீப்பை எடுத்துத் தலை வாருவான்.

"உலைல வேவப் போறவனுக்கு இன்னாடா சிங்காரம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போட்டா புடிக்கிறாங்க இல்ல நைனா. நாளைக்கி பாக்கசொல்லோ மாப்ள மாரி இருக்கணும்" என்றான்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு உள்ளே ஒரு சத்தம் கேட்டது, உடனே அடங்கிவிட்டது. மேடைத் தகடு நழுவி ஏழுமலை உலைக்குள் போய்விட்டான். எடுக்க ஒன்றும் இல்லை. உலையையும் நிறுத்தவில்லை. அந்தக் குழம்பை அப்படியே ஊற்றி, மறுநாள் கம்பியாக்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். கேட்டைத் திறந்துவிட்டது நான்தான்.

மேடையில் இருந்த வடக்கத்திக்காரர்களை அரை மணி நேரத்தில் வேனில் ஏற்றி ஆந்திரா பக்கம் அனுப்பினார்கள். காலையில் நான் கொடுத்த காப்பியில் அவனை அழித்துவிட்டு, பிறகு மேனேஜர் என் ரூமுக்கு வந்தார். செவப்புப் பொட்டை அமுக்கச் சொன்னார். முப்பத்தொன்பது முகம் வந்தது. பொட்டு இல்லாத ஒரு பட்டனைக் காட்டி, ஏழுமலை முகத்தின் மேல் வைத்து என்னையே அமுக்கச் சொன்னார். முப்பத்தெட்டு ஆனது.

"இன்னிக்கு அவன் வரல. புரியுதா பெருசு? உம் பையன் நம்ம ரோலிங் மில்லுலதான இருக்கான், நல்லா வேல செய்றான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

மத்தியானம் ஏழுமலை பெண்டாட்டி கன்னியம்மா வந்தாள். அவன் சோற்று டப்பாவை மறந்துவிட்டு வந்திருந்தான், அதை மஞ்சப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

"நைனா, அவருகைல குடுத்துடு."

"இன்னிக்கு வரலியேம்மா அவன்" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்த வார்த்தை.

மறுநாள் காலையிலிருந்து அவள் ரோட்டுக்கு அந்தாண்டை, பஞ்சர் கடை ஓரமாக, அதே மஞ்சப் பையோடு வந்து நிற்க ஆரம்பித்தாள். உலை மேடைக்குப் புது ஆட்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். அன்றைக்கு நான் பச்சைப் பொட்டை அமுக்கினேன். இடது பக்கம் முப்பத்தேழு. வலது பக்கம் முப்பத்தெட்டு.

தப்பு என்று நினைத்து மறுபடி அமுக்கினேன், அதே எண். பென் டிரைவைக் கழற்றி, சட்டையில் துடைத்து, திரும்பச் சொருகினேன், அதே எண். வலது பக்கத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ஏழுமலை. தலை வாரியிருந்தான். அவன் தோளுக்குப் பின்னால் ரோடு, பஞ்சர் கடை, கன்னியம்மா. அன்றைக்குக் கட்டியிருந்த பச்சைச் சேலையோடு.

நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் பயம் வரவில்லை. எண் ஒத்துவரவில்லையே, ஆபீசில் கேட்பார்களே என்றுதான் இருந்தது. பொட்டு இல்லாத பட்டனை அமுக்கினேன். ஒத்துவந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

காயத்ரியிடம் மட்டும் மெதுவாகக் கேட்டேன். "ஏம்மா, காப்பில ஒண்ணு கூட வருமா?"

"இருக்கறதத்தான் தாத்தா அது காப்பி பண்ணும். இல்லாதத எங்கேர்ந்து கொண்டாரும்?" என்று சிரித்தாள்.

தினமும் வந்தான். தினமும் அழித்தேன். இந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் அவன் இல்லை, அந்தப் பக்கம் காப்பியில் இருப்பான், அவனுக்குப் பின்னால் முப்பதடியில் அவள் நின்று அவனைத் தேடிக்கொண்டிருப்பாள். போலீஸ் வந்து முப்பத்தெட்டு முகத்தைப் பார்த்துவிட்டு, ஆள் வரவில்லை என்று எழுதிக்கொண்டு போனது. சூளூர்பேட்டைக்காரி ஒருத்தியோடு ஓடிவிட்டான் என்று ஊரில் பேச்சு. ஒருநாள் அவள் ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

"நைனா, ஓடிட்டார்னா ஓடிட்டாரு, செத்துட்டார்னா செத்துட்டாரு. எதுனா ஒண்ணு தெரிஞ்சா போதும். இந்தத் தாலிய நான் வெச்சிக்கறதா கழட்டறதா, அத மட்டும் சொல்லு."

வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் எவன் நம்புவான், அவன் உள்ளே வந்ததற்குத்தான் சாட்சியே இல்லையே, நான்தான் அழித்துவிட்டேனே. அப்போது இந்தக் கிழட்டு மூளையில் ஒன்று தோன்றியது. அவன் முகத்தை அவளுக்குக் காட்டினால் போதும், அவன் இந்தக் கேட்டுக்குள் நுழைந்தவன்தான் என்று தெரிந்துவிடும், பிறகு மற்றதை நான் சொல்லிவிடலாம். மகன் வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்தேன். மறுநாள் நான் அழிக்கவில்லை. ஆபீசுக்கு வேறு பென் டிரைவில் எடுத்து, அதில் மட்டும் அவனை அழித்துக் கொடுத்துவிட்டு, இதை எடுத்துக்கொண்டு அவளோடு ஷேர் ஆட்டோவில் புதுவாயல் போய், ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன்.

கடைக்காரர் திறந்தார். ஏழுமலை முகம் பெரிசாக வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஆரம்பித்தேன், "அம்மா, மனச திடப்படுத்திக்க..."

அவள் என் பேச்சைக் கேட்கவே இல்லை. ஸ்கிரீனில் அவன் தோளுக்குப் பின்னால் விரலை வைத்தாள்.

"இது நானு."

கட்டியிருந்த சேலையைக் குனிந்து பார்த்தாள். அதே ஊதாப்பூச் சேலை.

"இன்னிக்கி காலைல. நைனா, இது இன்னிக்கி."

"ஆமாம்மா, ஏழு அம்பத்திரண்டுன்னு போட்டுக்குது" என்றார் கடைக்காரர், உதவி செய்கிறவர் மாதிரி.

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

"செத்துட்டான்மா. ஏழுமல உலைல வுழுந்து செத்துட்டான். எனக்குத் தெரியும்" என்றேன்.

"அன்னிக்கி நீதான வரலன்னு சொன்ன? பொய் சொல்லிகினே இருக்கறியா நைனா, வயசாவல உனுக்கு?" என்றாள். கோபம்கூட இல்லை. "எம்மேல கோவம், அதான் ஊட்டுக்கு வரல. அங்கியே படுத்துக்கறாரு."

கலர் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டு நேராகப் போலீசுக்குப் போனாள். ஆள் உயிரோடுதானே இருக்கிறான், குடும்பத் தகராறுக்கு நாங்கள் என்ன செய்வது என்று கேசை மூடிவிட்டார்கள். போலீஸ் காட்டின அந்த பிரிண்டை மேனேஜர் பார்த்தார். முகம் வெளுத்தது, அப்புறம் சரியாகிவிட்டது. "அவளே சொல்றா, ஆளு இருக்கான்னு. விடு பெருசு" என்றார். என் மகன் வேலை போகவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது, ஒன்றுமே போகவில்லை.

அவள் அதற்கப்புறமும் வந்தாள். முன்னே தேடுகிற மாதிரி நிற்பாள், இப்போது கோபம் ஆறட்டும் என்று காத்திருக்கிற மாதிரி நின்றாள். மஞ்சள் பூசி, பூ வைத்து, அதே மஞ்சப் பையோடு.

எனக்கு முடியவில்லை. கணக்கு முடித்துக்கொண்டு நின்றுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கடைசி நாள் காலை செவப்புப் பொட்டு, பச்சைப் பொட்டு, அமுக்கினேன். வலது பக்கம் ஒன்று அதிகம். திறந்தேன். தலை வாரியிருந்தான். இத்தனை நாளும் வெறுமனே இருந்த அவன் தோளில், அன்றைக்கு ஒரு மஞ்சப் பையின் காது மாட்டியிருந்தது.

டீயை வைத்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தேன். பஞ்சர் கடை ஓரம் கன்னியம்மா கிளம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் வெறுங்கை.

"இன்னிக்கி வாங்கிகினாரு நைனா" என்றாள்.

என் மகன் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறான். போன வாரம் சாப்பிடும்போது சொன்னான், உலை மேடைக்குப் போகிற படியோரம் ஆணியில் தினமும் சாயங்காலம் ஒரு மஞ்சப் பை தொங்குகிறதாம், யாருடையது என்று தெரியவில்லையாம், டப்பா கழுவி வைத்திருக்கிறதாம்.