வாழைக்குழியில் இருந்த வெள்ளி

என் தாய் திருடி அல்ல என்பதற்கான சாட்சி என் கைக்கு வந்தது. அதை நான் மறைத்தேன். அவளிடமே மறைத்தேன்.

பயந்து மறைக்கவில்லை... பழிவாங்க மறைத்தேன். "தாய்க்காகத்தானே" என்று நீங்கள் எனக்குப் பரிந்து பேச வரலாம். பொறுங்கள். முழுவதையும் கேளுங்கள்.

மயிலாப்பூரில் ஓர் எஞ்சினியர் வீட்டில் என் அம்மா கன்னியம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அந்தக் கிணற்றடிக்குப் போவேன். கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைப்பது என் வேலை. ஒரு நாள், பிரசவத்துக்கு வந்திருந்த அந்த வீட்டுப் பெண்ணின் குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடை காணாமல் போயிற்று.

எஞ்சினியரின் மனைவி, மாமி, ஒரு தட்டில் கற்பூரத்தை ஏற்றி அம்மாவின் முன் வைத்தாள்.

"எடுக்கலைன்னா உன் பிள்ளை பேர்ல சத்தியம் பண்ணி அணைச்சுட்டுப் போ."

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

"எம் புள்ள மேல ஆணையா நான் எடுக்கலம்மா."

மாமி நம்பவில்லை. தெருவும் நம்பவில்லை. அதன்பின் அங்கே ஒரு வீடும் அவளுக்கு வேலை தரவில்லை. அடையாற்றில் புதிதாய் எழும்பிய வீடுகளுக்குக் கல் சுமந்து என்னைப் படிக்க வைத்தாள். அதே வருடம் நான் டைபாய்டில் கிடந்தேன். செய்தி மாமிக்கு எட்டியது. "பொய்ச் சத்தியம் சும்மா விடுமோ?" என்றாளாம். காய்கறிக்காரி வந்து அதை அப்படியே சொன்னாள். என் தலைமாட்டில் உட்கார்ந்து அம்மா அதைக் கேட்டாள். நானும் கேட்டேன்.

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் படித்தேன். பரீட்சைக்கு விழித்திருந்தது கல்வி ஆசையால் என்று எல்லாரும் நினைத்தார்கள்... இல்லை. என்றைக்காவது அந்த வீட்டார் என் முன்னால் தலைகுனிய வேண்டும். அது ஒன்றுதான்.

அம்மாவுக்கு அப்படியெல்லாம் இல்லை. "இன்னாத்துக்குடா பகை? 'கன்னிம்மா, நீ எடுக்கல'ன்னு அந்தம்மா வாயால ஒரு தபா சொன்னா போதும்" என்பாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது தெப்பக்குளத்தருகே மாமி வருவது தெரிந்தால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிவிடுவாள்.

நான் தியாகராய நகரில் ஒரு கல்லூரியில் வரலாற்று ட்யூட்டர் ஆனேன். பழங்காசு பார்த்துக் காலம் சொல்வேன் என்று கொஞ்சம் பெயர். ஒரு மாலை, எஞ்சினியரே என்னைத் தேடி வந்தார்! ஓய்வு பெற்றிருந்தார். ரேடியோ உதிரிகளைக் கொண்டு, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் காதில் கீச்சிடும் கருவி ஒன்றைத் தாமே செய்திருந்தார். அதைக் கொல்லையில் நகர்த்திப் பார்த்தாராம். வாழைக்குழியில் கீச்சிட்டதாம்.

"வெள்ளிதான், சந்தேகமில்லை. ஆனா என்னதுன்னுதான் பிடிபடலை. நீங்கோ பாத்துச் சொல்லணும்."

நீங்கோ! கிணற்றடியில் நின்ற பையனின் முகத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பிறகு எப்படி அடையாளம் தெரியும்?

கைக்குட்டையைப் பிரித்தார். கன்னங்கரேலென்று, நசுங்கி, இலைபோல் தட்டையாய் ஒன்று. ஒரு முனை மூக்குப்போல் நீண்டிருந்தது. அந்தக்காலத்தில் நம் மயிலாப்பூர்க் கோயில் கடலோரத்தில் இருந்ததென்று சொல்வார்களே... அங்கே ஏற்றிய விளக்காக இருக்குமோ என்று கேட்டார்.

"இருக்கலாம் சார். யாரிடமும் காட்ட வேண்டாம். தேய்க்கவும் வேண்டாம். என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள்."

அவர் போனதும் ஓர் ஓரத்தில் மட்டும் புளியை வைத்துத் தேய்த்தேன். புள்ளிப் புள்ளியாய் எழுத்து வெளிவந்தது... பாத்திரக்கடையில் வெட்டித் தருவார்களே, அந்தப் பெயர். மாமியின் பெயர். காணாமல் போன அதே பாலாடை.

நடந்தது எனக்கு விளங்கிவிட்டது. தேய்த்த சாம்பலையும் தேங்காய் நாரையும் வாழைக்குழியில் கொட்டுவது வழக்கம். பாலாடை அதோடு போயிருக்கிறது. அவ்வளவுதான்! அதற்காகவா கற்பூரம்? அதற்காகவா கல்சுமை?

அன்றே அம்மாவிடம் ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. எஞ்சினியர் தம் கண்டுபிடிப்பை ஒரு கூட்டம் கூட்டி அறிவிக்கத் துடித்தார். நான் அதைத் தூண்டிவிட்டேன். மயிலாப்பூர்ப் பெரியவர்கள் எல்லாம் வருவார்கள். மாமி முன்வரிசையில் இருப்பாள். மேடையில் நின்று அந்தக் கரியைத் தேய்த்துப் பெயரை உரக்கப் படிப்பேன். பிறகு, நான் யாருடைய மகன் என்று சொல்வேன்... அந்தக் காட்சியை மனத்துக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் தெரியுமா? ஒவ்வொரு முறையும் இனித்தது.

கூட்டத்துக்கு முன் மாமி படுத்துவிட்டாள். நான் பார்க்கப் போனேன். கட்டிலில் சுருண்டு கிடந்தாள். நினைவு தெளிவாக இருந்தது.

"வாங்கோ. ஏதோ விளக்காமே... நானும் பாக்கணும்" என்றாள்.

அந்தச் சமயம் அது என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்து அவள் கையில் கொடுத்திருந்தால் போதும். கண்டுகொண்டிருப்பாள். ஆனால் அறையில் பார்க்க யார் இருந்தார்கள்? எனக்குக் கூட்டம் வேண்டியிருந்தது.

"குணமாகி எழுந்து வாங்கம்மா. மேடையில் காட்டுகிறேன்."

அவள் எழுந்து வரவில்லை.

சாவுச் செய்தி கேட்டு அம்மா போனாள். யாரும் அவளை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கடைசி வரிக்கும் என்னைத் திருடினுதாண்டா நெனச்சிக்கினு போயிருக்கும்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சொல்லியிருப்பேனோ? தெரியவில்லை.

காரியங்கள் முடிந்தபின் எஞ்சினியர் வந்தார். கூட்டம் வேண்டாமாம். பொருளை மட்டும் கேட்டார். அது தொலைந்துவிட்டது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? பெயரை இனி யார் முன்னால் படிப்பது? அந்த வெறுப்பில்தான்... வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அவர் என் தோளைத் தொட்டார். "போறது, விடுங்கோ. உங்களைப் போய் நான் சந்தேகப்படுவேனா?"

படித்தவன் அல்லவா நான்!

அவர் தொட்டதை இப்போது நினைத்தாலும் தோள் எரிகிறது. அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. செத்தவளையும் மன்னிக்கவில்லை. இதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

பாலாடை என் பெட்டிக்குள், சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. ஆம்... அந்த வீட்டு வெள்ளி இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மாமி சொன்னதை நானே மெய்யாக்கிவிட்டேன்.

அம்மா பக்கத்து அறையில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போதும் எடுத்துக்கொண்டு போய் அவள் மடியில் வைக்கலாம். பெயரைத் தடவிப் பார்ப்பாள். சந்தோஷப்படுவாள், அதில் ஐயமில்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்று கேட்பாள்.

"இது உனக்கு எப்போடா தெரியும்?"